அக்கா பொட்டில்லாமல் பாடம் நடத்திய ஆண்டு

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. வழிபாட்டுக்கு வரவிருக்கும் உங்களிடம் அவருடைய கடைசி ஆண்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அந்த ஆண்டு முழுவதும் நாங்கள் பயந்துகொண்டே இருந்தோம். உங்களில் பலர் அதைக் கவனித்தீர்கள். கேட்கத் தயங்கினீர்கள்.

அக்கா பிறந்தது கோவில்பட்டி. மதுரையில் வரலாறு படித்தார். அத்தானை மணந்து டெக்சஸ் மாநிலத்திலுள்ள சுகர் லேண்டுக்கு வந்தார். பிள்ளைகள் தலையெடுத்த பின் மறுபடியும் படித்து, கம்யூனிட்டி காலேஜில் ஆசிரியரானார். அவர் நடத்தியது சிக்கானா பெண்களின் வரலாறு. மெக்சிகோ வழியில் வந்து, இங்கேயே பிறந்து வளர்ந்து, அந்தப் பெயரைத் தாங்களே விரும்பி ஏற்றுக்கொண்ட பெண்கள் அவர்கள்.

“நமக்கு எதுக்கும்மா அவங்க கதை?” என்று தமிழ்ச் சங்கத்து ஆன்ட்டி ஒருவர் கேட்டார்.

“உங்க வீடு இருக்கிற இடம் அந்தக் காலத்துல கரும்புக்காடு ஆன்ட்டி. யார் வெட்டுன கரும்புன்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?” என்றார் அக்கா. முதலில் கறுப்பின அடிமைகள், விடுதலைக்குப் பின் சிறைக்கைதிகள், மெக்சிகோ குடும்பங்கள் என்று அவர் தொடங்கினால் காபி ஆறிவிடும்.

எலெனா அவருடைய மாணவியாக இருந்து சக ஆசிரியரானவர். எலெனாவின் தாயார் தெரசா, தங்கள் குடும்பம் ஸ்பானிய வம்சம் என்றே எப்போதும் சொல்வார். உண்மையில் அவருடைய பாட்டியின் பாட்டி ஒரு கறுப்பின அடிமைப்பெண். டெக்சஸிலிருந்து ஆற்றைக் கடந்து மெக்சிகோவுக்குத் தப்பியவர். அந்த மூதாட்டியின் படம் தெரசாவின் பீரோவுக்குள்ளேயே இருந்தது. அக்கா அதைக் குறையாகச் சொன்னதில்லை. “என் கல்யாண ஆல்பத்தைப் பாருங்க, எவ்வளவு பவுடர்னு. எங்க வீட்டுலயும் கறுப்பை ஒளிச்சு வைப்பாங்க” என்று சிரிப்பார்.

பிறகு அந்த ஆண்டு வந்தது. குடியேற்ற அதிகாரிகள் சாலையில் காரை நிறுத்தி, மெக்சிகோ முகமா என்று பார்த்து, ஆவணம் கேட்கிறார்கள் என்ற செய்தி நாள்தோறும் வந்தது. எங்கள் பெண்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதினார்: “வெளிய போறப்ப எல்லாரும் பொட்டு வெச்சுக்கோங்க. சுடிதார் போட்டுக்கோங்க. நம்மளையும் அவங்கன்னு நெனச்சுடப் போறாங்க.”

அக்கா அதை என் வீட்டுச் சமையலறையில் உரக்கப் படித்தார். நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார்.

அத்தான் பதறிவிட்டார். “ஏம்மா, நான் இன்னும் உயிரோடதான இருக்கேன்?”

“இருக்கீங்க. அந்த தைரியத்துலதான் எடுத்தேன்.”

அக்காவிடம் இருந்தது கிரீன் கார்டு. குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். இதயமும் பலவீனம். “இன்டர்வியூ முடியற வரைக்குமாவது வெச்சுக்கோயேன்க்கா. கிளாஸுக்கும் லீவு போடு” என்று கெஞ்சினேன்.

“எலெனா இங்கயே பொறந்தவடி. அவளையே கேக்குறாங்க. என்னைப் பொட்டு காப்பாத்தும்னா, அவ நெத்தியில எதை ஒட்டுவ?”



வகுப்பு முடிந்து கார் ஓட்டும்போது என்னுடன் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டே வருவது அக்காவின் வழக்கம். ஒரு மாலை எலெனாவும் தெரசாவும் உடன் வந்தார்கள். “ஏய், பின்னாடி லைட் போடுறான். கட் பண்ணாத” என்றார் அக்கா. கார் நின்றது.

ஓர் ஆண் குரல் மூவரிடமும் ஆவணம் கேட்டது. அக்காவும் எலெனாவும் கொடுத்தார்கள். தெரசா கைப்பையை வீட்டிலேயே வைத்துவிட்டிருந்தார். தான் இங்கே பிறந்தவள் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னார். அந்த ஆள் அக்காவிடம், நீங்கள் இந்தியர், நீங்கள் போகலாம் என்றார். அக்கா அமைதியாக ஆங்கிலத்தில் சொன்னார்: “நாங்கள் ஒன்றாக வந்தோம். ஒன்றாகத்தான் போவோம்.”

 கார்கள் கடக்கும் இரைச்சல் மட்டும் கேட்டது. அக்காவின் மூச்சு கேட்கிறதா என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். கடைசியில் மூவரையும் விட்டார்கள். அக்கா சொன்ன முதல் வார்த்தை: “தோசை மாவு இருக்கா? மூணு பேரும் அங்கதான் வர்றோம்.”

அடுத்த வாரம் தெரசா தாமாகவே அக்காவின் வகுப்புக்குப் போனார். பீரோவிலிருந்த படத்தை மாணவர்கள் முன் வைத்தார். “ஸ்பானிய வம்சம் என்று எழுபது வயது வரை சொல்லிவந்தேன். அன்று சாலையில் அது எனக்கு உதவவில்லை. தப்பி ஓடிய இவளைத்தான் நினைத்துக்கொண்டேன்” என்றார். அக்கா கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டாராம். அந்தக் கல்விப் பருவம் முடியும் முன்பே அவர் இதயம் நின்றது. இன்டர்வியூ நடக்கவேயில்லை.

மருத்துவமனையில் மாறி மாறித் துணையிருந்தவர்களுக்கும், சடங்குகளை முன்னின்று நடத்தியவர்களுக்கும், வீடு நிறையச் சமைத்து அனுப்பிய தெரசாவுக்கும், சங்கத்து ஆன்ட்டிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவின் வகுப்பை இப்போது எலெனா நடத்துகிறார். என் மகள் அதில் சேர்ந்திருக்கிறாள். “ப்ளீஸ் அம்மா, ஐ வில் பி ஃபைன்” என்று சொல்லிவிட்டுத்தான் இன்றும் கிளம்பினாள். அவளும் எலெனாவும் ஒரே காரில் திரும்புவார்கள். இதை எழுதி முடிக்கும்போது வகுப்பு முடிந்து வெகுநேரமாகிவிட்டது. இன்னும் வரவில்லை.