இரண்டு அங்குல விரிவு

புளித்த ரப்பர் பாலின் வாசம் எங்காவது வீசினால் போதும், என் வலது தோள் தானாக ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளும். மூக்குக்கும் தோளுக்கும் என்ன உறவு என்று கேட்பவர்களுக்கு, மலாயாவில் மெர்லிமாவ் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் சின்னக் கிராணியாக, அதாவது இளைய குமாஸ்தாவாக, இருந்த காலத்தைத்தான் சொல்ல வேண்டும்.

ரப்பர் விலை விழுந்த காலம். ஆபீஸுக்குப் பெரிய கிராணி ஒருவர் போதும், ஆண்டுக் கடைசியோடு சின்னவன் வேண்டாம் என்று துரை முடிவு செய்துவிட்டார். வேலை போனால் எனக்கு இந்தியாவுக்குக் கப்பல்தான். கப்பல் கொண்டுபோய் இறக்கும் ஊரில் எனக்கென்று ஒரு ஓலைக் கொட்டகைகூட இல்லை.

நில அளவை ஆபீஸில் ஒரு வேலை காலியிருந்தது. எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டேன்; மிச்சம் உடம்புப் பரீட்சை. காடும் மேடும் ஏறுகிற வேலையாம். மூச்சை விட்டு அளந்த நெஞ்சும் இழுத்து அளந்த நெஞ்சும் இரண்டு அங்குலமாவது வேறுபட வேண்டுமாம். என் நெஞ்சோ, சட்டை காயப்போடும் கொடி.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் டிரெஸரிடம் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், என் வயதுதான். பயில்வான் படம் போட்ட சீமைப் பத்திரிகைகளைத் தலையணைக்கடியில் வைத்திருப்பவர். பலாப்பழத்தைத் தட்டுவதுபோல என் விலாவைத் தட்டிப் பார்த்தார்.

"பயப்பிடாதேயும். உடம்பு ஒரு கழுதை காணும். நேற்றுச் சுமந்ததிலும் இண்டைக்குக் கொஞ்சம் கூட ஏத்தினால் முனகிக்கொண்டு பழகும். ஒரேயடியா ஏத்தினால் படுத்திடும்."

"படுத்தா?"

"எழும்புமட்டும் விடவேணும். சதை வளருறது தூக்கேக்கை இல்லை, ஆறேக்கை."

இரும்புக் குண்டுக்கு எங்கே போவது? இரண்டு பால் வாளிகளில் கொஞ்சம் தண்ணீர், நடுவே ஒரு கம்பு. வாரத்துக்கு வாரம் தண்ணீர் ஏறும். அது தோளுக்கு. கைக்கு, ஸ்டோரில் ரப்பர் ஷீட் பிழியும் மெஷினின் சக்கரம். அதைச் சுற்ற நான் கை நீட்டியதும் ஸ்டோர் ஆட்கள் மறுபேச்சில்லாமல் நகர்ந்து கொடுத்தார்கள். என் பயிற்சி நேரம் அவர்களுக்குச் சுருட்டு நேரம்.

பால்மரத்திலிருந்து திரும்பும் பெண்கள் என்னைக் கண்டதும் நின்றுவிடுவார்கள்.

"என்னாடி இது, சின்னக் கிராணி தண்ணியத் தூக்கிக்கிட்டு ஆபீஸயே சுத்தி வர்றாரு?"

"பொண்ணு பாக்கப் போறாரு லா. பொண்ணு வீடு மலை உச்சியில போல!"

சுமை எனக்குப் பிடித்தது, சுமையின் கிறுகிறுப்பு பிடித்தது, வியர்வை பிடித்தது. ஆறுவதுதான் பிடிக்கவில்லை. சும்மா இருக்கச் சொன்னால் என் ரத்தம் எறும்பாக ஊரும். ஓய்வென்று சொன்ன நாட்களிலும் ஒருவருக்கும் சொல்லாமல் சக்கரத்தைச் சுற்றினேன். பலன், ஒரு விடியற்காலை, பேர் கூப்பிடும் பெரட்டில் கிடைத்தது. ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், துரை வருகிறார், தொப்பியைக் கழற்றக் கை எழவில்லை. வேறு வழியின்றிக் குனிந்து தலையைக் கொண்டுபோய்க் கையிடம் கொடுத்தேன். நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று துரையும் தரையைப் பார்த்தார்.

டிரெஸர் தைலத்தைக் கோபத்தோடு தேய்த்தார். "எந்தக் கையால சுத்தினனீர்?"

"சோத்துக் கையாலதான்."

"அதுதான்! வலது தோள் எருமை, இடது தோள் ஆட்டுக்குட்டி. மெஷின் ஷீட்டைப் பிழிஞ்சுதோ, உம்மைப் பிழிஞ்சுதோ?"

அதன்பின் கையை மாற்றி மாற்றிச் சுற்றினேன். ஆற வேண்டிய நாளில் பல்லைக் கடித்துக்கொண்டு ஆறினேன். இடையிடையே மேட்டில் ஏறி இறங்கும் நடை. மூச்சு மெல்ல மெல்ல நீண்டது. ஒருநாள் சட்டைப் பொத்தான் தெறித்து மசிக்கூட்டில் விழுந்தது. அன்றோடு என் தலைக்கு ஏறிவிட்டது. நெஞ்சைப் புடைத்தபடியே நடந்தேன், நின்றேன், சம்பளக் கணக்குப் போட்டேன். விரிவு என்றால் பருமன் என்றே என் நினைப்பு. பரீட்சையன்று மலாக்கா நகரத்துத் தெங்கேராவில் பஸ்ஸைவிட்டு இறங்கியதிலிருந்து ஆஸ்பத்திரி வாசல்வரை ஊதிய பலூனாகவே போனேன்.

மதராஸிலிருந்து வந்திருந்த டாக்டர் நெஞ்சில் நாடாவைச் சுற்றினார்.

"மூச்ச வெளிய விடுங்க."

"விட்டாச்சு டாக்டர்." ஒரு துளி மட்டும் விட்டேன்.

"இப்ப இழுங்க."

இழுத்தேன். உள்ளே இடமில்லை.

"அரை அங்குலந்தான் வருது," என்று பேனாவை எடுத்தார்.

எனக்குக் கப்பலின் ஊதல் கேட்டுவிட்டது. வாய் தானாகத் திறந்துகொண்டது. "டாக்டர், கொஞ்சம் கேளுங்க, தோட்டத்துல எனக்கு வேலை போவுது, இதுக்காகத்தான் தண்ணி வாளியத் தூக்கினேன், மெஷின் சுத்தினேன், கை எழாமப் போச்சு, டிரெஸர் சொன்னாரு உடம்பு ஒரு கழுதைன்னு..."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நாடாவை மறுபடி நெஞ்சில் சுற்றினார். "ம், கழுதைக்கு என்னாச்சு?"

"முனகுமாம் டாக்டர், அப்புறம் படுத்துருமாம்..." சொல்லச் சொல்ல, காலையிலிருந்து அடைத்து வைத்த காற்றெல்லாம் வார்த்தையாகக் கொட்டியது. நாடா என்னைப் பின்தொடர்ந்து இறுகிக்கொண்டே வந்தது. கடைசியில் சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைந்தது.

"போதும். இப்ப இழுங்க."

இழுத்தேன். மலாக்கா ஜலசந்தியே உள்ளே வந்ததுபோல இருந்தது.

"ரெண்டு அங்குலத்துக்கு மேலயே இருக்கு. வச்சுக்கிட்டே ஏன்யா இப்படி பூட்டிப் போட்டிருந்தீங்க?"

வேலை கிடைத்தது. ஆண்டு முடியுமுன்னே பெட்டியோடு மெர்லிமாவ் சாலையோரம் நின்றேன். டிரெஸர் வழியனுப்ப வந்திருந்தார். பெட்டியைத் தானே தூக்கி பஸ்ஸின் மேலே போட்டுவிட்டு, மூச்சு வாங்க, அதை நான் பார்க்காதபடி திரும்பிக்கொண்டார். பஸ் உறுமியதும் ஜன்னலோரம் வந்தார்.

"நீர் போறீர். இனி நான் ஆரை வச்சுக் காணும் பழக்கிறது?"

"பெரிய கிராணி இருக்காரு டிரெஸரே. நாளைக்கே புடிங்க, தொப்பை ரெடியா இருக்கு லா!"