மூன்று கல் வைத்த பை

சூரியன் உதிப்பதைப் பார்க்கப் பாலைவனத்து மூசா மலை ஏறி வருகிறவர்களைக் கண்டாலே சுவேலிமுக்குக் குமட்டும். அவர்களைத் தவிர வேறு யாரிடமும் அவன் இதை மறைத்ததில்லை. அவர்களிடம் மட்டும் சிரிப்பான். சிரித்துக்கொண்டே கம்பளியை வாடகைக்குக் கொடுப்பான், சிரித்துக்கொண்டே திரும்ப வாங்குவான். வாங்கிய கையை மணலில் தேய்த்துத் தேய்த்துக் கழுவும்போதுதான் அவன் முகம் அவனுடைய முகமாக இருக்கும்.

கடைசிப் படிக்கட்டுக்குச் சற்றுக் கீழே கல்லை அடுக்கி, கோணியைக் கூரையாகப் போட்ட கடை அவனுடையது. மலை மூலிகை போட்ட தேநீர், பொட்டல பிஸ்கட், குளிருக்குக் கம்பளி. ராத்திரியெல்லாம் கைவிளக்கும் மூச்சிரைப்புமாக ஏறி வருகிறவர்கள் பாதி வழியில் வாந்தி எடுப்பார்கள், பாறைக்குப் பின்னால் ஒதுங்குவார்கள், ஈரத்தாளை அங்கேயே விட்டுவிட்டு வந்து நபியின் பெயரைச் சொல்லி உருகுவார்கள். உச்சியில் கிறிஸ்தவர்களுக்கு ஒரு சின்னக் கோயில், ஒரு சின்னப் பள்ளிவாசல். இரண்டுக்கும் பின்பக்கச் சுவர் ஒரே மாதிரி நாறும். உதயம் வந்ததும் ஒரு கூட்டம் பாடும், ஒரு கூட்டம் அழும், ஒரு கூட்டம் போனைத் தூக்கிப் பிடிக்கும். பிறகு எல்லோரும் கம்பளியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு இறங்குவார்கள். எந்த நாட்டு மூக்கானாலும் சளி ஒன்றுதான் என்பது சுவேலிம் அனுபவத்தில் கண்டது. அந்தக் கம்பளிகள் மழை பெய்கிற வருஷம் துவைக்கப்படும். நம் மலையில் எந்த வருஷம் மழை பெய்திருக்கிறது? எவ்வளவு குளிரானாலும் அவன் தன் பழைய மேலங்கியைப் போர்த்திக்கொண்டுதான் படுப்பான். தன் கம்பளியைத் தானே தொடமாட்டான்.

கடையில் பாதி அவன் மச்சினன் அவ்வாதுக்கு. சுவேலிமின் மனைவி ஸபீஹாவின் தம்பி. ஒட்டகத்தில் தண்ணீரும் சாமானும் ஏற்றி வந்து, படி தொடங்கும் இடத்தில் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு, மீதி வழி முதுகில் சுமந்து வருவான். இருபது வருஷமாக இப்படித்தான். சுவேலிமுக்கு நேர் எதிர் ஆள். வருகிறவர்களோடு சேர்ந்து அவனும் உதயத்தைப் பார்ப்பான், யாராவது பாடினால் தாளம் போடுவான்.

"தினம் வர்ற சூரியன்தானே மாப்ள, அதுல என்னத்தப் பல்லக் காட்டிக்கிட்டுப் பாக்குற?"

"தினம் திங்கிற ரொட்டிதானே மச்சான், நீங்க ஏன் விடாம திங்கிறீங்க?"

இப்படி ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டே இருபது வருஷம் ஓட்டிவிட்டார்கள். கடையை ஒருவன் மற்றவனிடம் விட்டுவிட்டுப் போனால், திரும்பி வந்து ஏன், எதற்கு என்று கேட்ட வழக்கமே இல்லை.

சுவேலிமின் வீட்டுக்கு ஊரில் ஒரு நல்ல பெயர் உண்டு. அவன் அப்பா காலத்தில் ஊர் பேர் தெரியாத ஒருத்தன் தன் சேணத்தை அவர்கள் தோட்டத்து மரத்தில் மாட்டிவிட்டுப் போனான். அவன் வரவே இல்லை. வருஷக்கணக்கில் அந்தச் சேணம் அங்கேயே தொங்கியது. வீட்டில் பஞ்சம் வந்தபோதும் அதை யாரும் தொடவில்லை. கடைசியில் அந்த ஆளின் மகன் வந்து எடுத்துப் போனான். கட்டி வைத்து மேலே மூன்று கல் அடுக்கினாலோ, மரத்தில் மாட்டினாலோ அது அமானிதம். உடையவன் வரும்வரை பாலைவனமே அதற்குக் காவல். நம்மவர்களில் அமானிதத்தில் கை வைத்தவனுக்குப் பெண் கொடுக்கமாட்டார்கள், அவனோடு ஒட்டகம் கட்டமாட்டார்கள். கொலைக்குக்கூடச் சமாதானம் பேசலாம், இதற்குப் பேச முடியாது.

போன வசந்தத்தில் ஒரு பெரிய கூட்டம் வந்து, வழக்கத்தைவிட அதிகமாக அசிங்கம் பண்ணிவிட்டு இறங்கிய காலையில், கடையின் பின்சுவர் இடுக்கில் ஒரு கறுப்புப் பை இருந்தது. இறுக்கி முடிச்சுப் போட்டது. மேலே மூன்று கல்.

சுவேலிம் அதைப் பார்த்ததும் குனிந்த முதுகை நிமிர்த்திக்கொண்டான். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கும்பலில் ஒரு மனுஷன் நம்மவனைப் போல நடந்திருக்கிறான் என்று தோன்றியது. அவனுக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட. காற்றில் பறக்காமல் இருக்க எவனோ கல் வைத்திருப்பான் என்று வேறு யாருக்குமே தோன்றியிருக்கும். நம் ஆளுக்குத் தோன்றாது.

அவ்வாத் மூக்கைச் சுளித்தான். "மச்சான், இது குப்ப. தூக்கி எறிங்க."

"மூணு கல்லு தெரியலையா உனக்கு? அமானிதம்டா."

"அமானிதம் நாறுமா?"

"வெள்ளக்காரன் திங்கிற பாலாடக் கட்டியா இருக்கும். அவன் நாறுனாத்தான் ருசின்னு திம்பான். அவன் திரும்பி வருவான், பாரு."

அவன் வரவில்லை. வெயில் ஏற ஏற நாற்றமும் ஏறியது. தேநீர் குடிக்க உட்கார்ந்த ஒட்டகக்காரர்கள் இடம் மாறி உட்கார்ந்தார்கள். சுவேலிம் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு காவல் காத்தான். யார் என்ன கேட்டாலும், "என் பொறுப்பில் இருக்கிற பொருள்" என்றான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் அப்பாவின் மிடுக்கு வந்துவிடும். மச்சான் ஊரறியச் சொல்லிவிட்ட பிறகு அவ்வாத் மூக்கைப் பிடித்துக்கொண்டு தன் வேலையைப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காகச் சுவேலிம் கீழே வீட்டுக்குப் போய் மறுநாள் மேலே வந்தான். பை இருந்த இடுக்கு காலி. தரையிலிருந்து கைக்கெட்டாத ஒரு பொந்தில் ஒரு சாக்கு திணிக்கப்பட்டிருந்தது. பை அதற்குள் இருப்பது நாற்றத்திலேயே தெரிந்தது. முடிச்சு வேறு. மேலே மூன்று கல் மட்டும் அப்படியே வைக்கப்பட்டிருந்தது.

அவ்வாத் கடை வாசலில் ஒட்டகக்காரர்களோடு உட்கார்ந்திருந்தான். உடம்பில் புதுக் கோட்டு, நல்ல கம்பளி, வெளிநாட்டுத் தையல்.

"இந்தக் கோட்டு ஏது?" என்றான் சுவேலிம்.

"ராத்திரி ஒரு அம்மா குடுத்துச்சு. கையப் புடிச்சு மேல ஏத்திவிட்டேன்."

"பையத் தொட்டியா?"

"தொட்டேன்."

அவ்வளவுதான் கேட்டான். ஏன் தொட்டாய் என்று கேட்டிருக்கலாம். ஊரிலுள்ள நாற்றத்தையெல்லாம் இத்தனை வருஷம் மூக்கில் வாங்கியவனுக்கு மனுஷர்கள் மேலேயே ஒரு அருவருப்பு ஊறிப்போயிருந்தது. அது எப்போதோ வீட்டு ஆள்மேலும் கசிந்திருக்க வேண்டும். வாய் கூசாமல், எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்.

"அமானிதத்தத் திருடுனவனே!"

ஒட்டகக்காரர்கள் குடித்துக்கொண்டிருந்த கண்ணாடி டம்ளர்களைக் கீழே வைத்தார்கள். அவ்வாத் எழுந்து கோட்டைக் கழற்றி மடித்துத் தரையில் வைத்தான். அவன் முகம் செத்துப்போயிருந்தது.

"இனி நான் பேசமாட்டேன் மச்சான். பையத் தூக்குங்க. நுசேர்கிட்டப் போவோம். அந்தப் பையே பேசட்டும்."

சேதி சுவேலிமுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்தது. ஸபீஹா மாவு பிசைந்த கையைக்கூடத் துடைக்காமல் வாசலில் நின்றாள்.

"என் தம்பியத் திருடன்னு சொன்ன வாய்க்கு நான் ரொட்டி சுடமாட்டேன். அவன் திருடன்னு ஆச்சுன்னா நான் திருடன் அக்கா. திருடன் அக்காவ வச்சுக் குடும்பம் நடத்துவீங்களா? அவன் திருடன் இல்லன்னு ஆச்சுன்னா, அப்பவும் எனக்கு இந்த வீட்டுல என்ன வேல?"

துணிமூட்டையை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். பிசைந்த மாவு தட்டில் காய்ந்து கிடந்தது.

நுசேர் நம் வழக்குகளுக்கு நீதி சொல்கிற கிழவர். அவர் தோட்டத்தில் பாதாம் மரத்தடியில் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். காப்பி சுற்றி வந்தது. நடுவில் சாக்கு. கிழவர் அவ்வாதைப் பார்த்தார்.

"தொட்டியா?"

"தொட்டேன்."

"தொறந்தியா?"

"நான் தொறக்கல. ஐயா தொறந்து பாருங்க. அப்புறம் நான் பேசுறேன்."

"உடையவன் இல்லாத பொருள். தொறக்குற பழி என் மொகத்துல இருக்கட்டும்" என்று சொல்லிக் கிழவர் தானே முடிச்சை அவிழ்த்தார். சாக்குக்குள் கறுப்புப் பை. அதற்குள் இன்னொரு பை. அதற்குள் பெரியவர்கள் இடுப்பில் கட்டுகிற மலத்துணி, சுருட்டிச் சுருட்டி, ஊறிப்போய். வாந்தி துடைத்த துண்டு. ஈரத்தாள்கள். அவற்றில் புழு நெளிந்தது.

கிழவர் வாயிலிருந்த காப்பியைத் துப்பினார். வட்டமாக உட்கார்ந்தவர்கள் சிதறி ஓடினார்கள். நாய்கள் ஓடி வந்தன. எவனோ சிரித்தான். அது தொற்றி எல்லோரும் சிரித்தார்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வர. இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை.

பையைத் தூரக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு, கையை மணலில் உரசிக்கொண்டு எல்லோரும் திரும்ப உட்கார்ந்தபோது அவ்வாத் பேசினான்.

"மச்சான் கீழ எறங்குன ராத்திரி நரி வந்து பையக் கிழிச்சுருச்சு. எல்லாம் கம்பளிப் பக்கமா ஒழுகுது. என்னன்னு பாத்துட்டேன். எறியலாம்னுதான் தூக்குனேன். ஆனா அவரு ஊரு முழுக்க அமானிதம், என் பொறுப்புன்னு சொல்லிட்டாரு. நான் எறிஞ்சுட்டா அவரு மொகம் என்னாகும்? ரெண்டு கையாலயும் அள்ளி, சாக்குல போட்டுக் கட்டி, நரிக்கு எட்டாத எடத்துல வச்சேன். கல்லயும் எடுத்து வச்சேன். அந்தக் கோட்டக் குடுத்த அம்மா நாளைக்குத்தான் ஊருக்குப் போவுது, மலையடியில இருக்குற சாமியார் மடத்து விடுதியில இருக்கு, வேணும்னா கேளுங்க."

யாரும் போய்க் கேட்கவில்லை.

சுவேலிம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இத்தனை வருஷம் மற்றவர்களைப் பார்த்து வந்த அதே குமட்டல் தன்னைப் பார்த்தே வந்தது. இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள இடமில்லை.

"என்ன வேணும், கேளு" என்றார் கிழவர் அவ்வாதிடம். ஒட்டகம் கேட்கலாம், ஆடுகள் கேட்கலாம், கடையையே கேட்கலாம்.

"ஒண்ணும் வேண்டாம். எங்க சொன்னாரோ அங்கயே மாத்திச் சொல்லட்டும்."

கிழவர் தீர்ப்புச் சொன்னார். மூன்று விடியல், மலை உச்சியில், வெள்ளைத் துணியை உயர்த்தி, அவ்வாத் குற்றமற்றவன் என்று உரத்த குரலில் சொல்ல வேண்டும். அத்துடன் வழக்கு முடிந்தது. ஸபீஹா அதுவரை தம்பி வீட்டில் இருப்பாள்.

முதல் விடியலில் உச்சியில் கால் வைக்க இடமில்லை. சுவேலிம் கோலில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு, படுத்துக் கிடந்தவர்களையும் கழற்றிப்போட்ட காலுறைகளையும் தாண்டித் தாண்டி நடுவில் போய் நின்றான். "அவ்வாத் மொகம் வெள்ள! அவன் சுத்தமானவன்! நான் சொன்னது பொய்!" என்று கத்தினான். ஒட்டகக்காரர்கள் தலை குனிந்து கேட்டார்கள். மற்றவர்கள் கை தட்டினார்கள். சூரியனுக்காகத் தூக்கிய போன்கள் எல்லாம் அவன் பக்கம் திரும்பின. ஒரு பெண் உணர்ச்சிவசப்பட்டு அழுதாள். அவன் கம்பளியிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவனுக்குத் துப்ப வேண்டும் போலிருந்தது. துப்பவில்லை. மறுநாளும் அப்படியே.

மூன்றாம் நாள் அவ்வாத் வந்தான். படிக்கட்டு முடிகிற இடத்தில் நின்று முழுவதையும் கேட்டான். பிறகு கடைக்கு வந்து உட்கார்ந்தான். சுவேலிம் தேநீர் ஊற்றிக் கொடுத்தான். அவ்வாத் வாங்கிக் குடித்தான். குடித்துவிட்டால் நம் வழக்கப்படி சண்டை இல்லை.

"இன்னொரு கிளாஸ் மாப்ள?"

அவ்வாத் டம்ளரைக் கவிழ்த்து வைத்தான். "அக்காவ சாயங்காலம் அனுப்பி வைக்கிறேன். அது வரும், நான் பேசிட்டேன்."

"தண்ணி முடியப்போவுது. நாளைக்கு நீ..."

"நாளைலருந்து வேற ஆளப் பாருங்க மச்சான். நான் கீழ ஒட்டக வரிசையில பேரு குடுத்துட்டேன்."

"அதான் மூணு நாளும் சொல்லிட்டேனேடா. நுசேர் சொன்னபடி, ஒரு வார்த்த கொறையாம."

"சொன்னீங்க. வழக்கு தீந்துருச்சு. எனக்கு உங்க மேல கோவம் கெடையாது." அவ்வாத் எழுந்து தலைத்துணியைச் சுற்றிக்கொண்டான். "என்ன நம்பலங்கறது கூடப் பெருசில்ல மச்சான். மனுஷனுக்குச் சந்தேகம் வரும். ஆனா எவன்னே தெரியாத ஒருத்தன் கட்டிப் போட்ட பைய நம்புனீங்க பாருங்க. நாத்தம் குடலப் புடுங்குனப்ப கூட நம்புனீங்க. எங்கிட்ட ஒரு கேள்வி கேக்கத் தோணல."

அவன் இறங்கத் தொடங்கினான்.

உச்சியிலிருந்து வந்த ஒரு இளைஞன் கம்பளியைச் சுருட்டிக் கடைப்பலகையில் போட்டான். ஓரத்தில் ஏதோ ஈரம். போனைக் காட்டி, அந்தக் கொடிச் சடங்கு நன்றாகப் படமாகவில்லை, இன்னொரு தடவை செய்து காட்ட முடியுமா என்று சைகையில் கேட்டான். வேறொரு நாளாக இருந்தால் சுவேலிம் சிரித்திருப்பான்.

அவன் கோலை எடுத்துக்கொண்டு படியின் விளிம்புக்கு ஓடினான். தீர்ப்பில் இல்லாத நான்காவது தடவையாக வெள்ளைத் துணியை உயர்த்தி, இறங்கிப் போகிற முதுகைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினான். இளைஞன் பக்கத்தில் வந்து நின்று படம் பிடித்தான். அவ்வாத் படிகளில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து இறங்கிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.