ஏசுபாதம் சாரின் எட்டாயிரம் அடிகள்

ஏசுபாதம் சார் முப்பத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினால், அந்தத் தாளை அங்கேயே கிழித்துப் போடுகிற ஆள். அப்பேர்ப்பட்டவர் அறுபத்தெட்டாவது வயதில் ஒரு தூளியை வைத்துக்கொண்டு சபையையே ஏமாற்றினார் என்றால் யார் நம்புவார்கள்?

ராஜகீழ்ப்பாக்கத்தில் அவர் போகிற சபையில் முதியோர் ஐக்கியம் ஒன்று உண்டு. சர்க்கரையோ மூட்டுவலியோ இல்லாத ஒருவரை அதில் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாற்பது நாளும் எல்லோரும் நடக்க வேண்டும், எத்தனை அடி என்று போனில் பார்த்து வாட்ஸ்அப் குழுவில் தினமும் போட வேண்டும் என்று ஆயர் ஏற்பாடு செய்தார்.

முதல் நாள் சார் நிஜமாகத்தான் கிளம்பினார். தெருமுனை டீக்கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் மூச்சு முட்டியது. போனைப் பார்த்தால் அறுநூறு. அதைக் குழுவில் போட வெட்கமாக இருந்தது. மகள் பிளஸ்ஸி வேலைக்குப் போனதும் பேரனைத் தூளியில் போட்டு ஆட்டினார். சட்டைப் பையிலிருந்த போன் தூளிக்குள் நழுவியதைக் கவனிக்கவில்லை. பிள்ளை தூங்கிய பிறகு தேடி எடுத்தால் நாலாயிரத்துச் சொச்சம் காட்டுகிறது. சாருக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் சிரித்தார். சிரித்த கையோடு குழுவிலும் போட்டுவிட்டார். இன்றைக்கு ஒரு நாள்தானே என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து போன் தானாக நழுவவில்லை.

நாற்காலியில் சாய்ந்து, ஒரு கையால் முறுக்கைக் கடித்துக்கொண்டு மறு கையால் தூளியை ஆட்டினார். எட்டாயிரத்துக்குக் குறையாமல் வந்தது. பாராட்டும் வந்தது. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு ஆயர் அவரைச் சபை முன் கர்த்தர் செய்ததைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். மறுக்கத்தான் எழுந்தார் மனிதர். கைதட்டல் கேட்டதும் மைக்கைப் பிடித்துவிட்டார்.

"கர்த்தருடைய கிருபையால என் கால்ல பெலன் வந்தது" என்றார். சொல்லும்போதே காது இரண்டும் சுட்டன. அல்லேலூயா சத்தத்தில் அது யாருக்குத் தெரியப்போகிறது?

ஆராதனை முடிந்து வெளியே வந்தால், வாசலில் ஜெயசீலி நின்றிருந்தார். ஓய்வுபெற்ற நர்ஸ். போன வருடம் பக்கவாதம் வந்ததில் வலது கால் இழுத்துக்கொண்டது. ஆராதனைக்குத் தவிர எங்கும் போவதில்லை.

"சார், தினமும் உங்க நம்பரப் பாப்பேன். இந்த வயசுல சாரே எட்டாயிரம் நடக்கறாரு, நமக்கென்ன கேடுன்னு வீட்டுக்குள்ளயே சுத்த ஆரம்பிச்சேன். நாளைக்குப் பார்க்குக்கு வரலாம்னு இருக்கேன். தனியா வர பயமா இருக்கு. கூட வர்றீங்களா?"

மாட்டேன் என்று சொல்ல எந்த வாய் இருக்கிறது அவருக்கு?

திங்கள் காலை ஆறு மணிக்குப் பூங்காவில் நடந்தார்கள். அரைச் சுற்றிலேயே சாருக்குச் சட்டை நனைந்துவிட்டது. முழங்கால் கெஞ்சியது. முன்னால் போன ஜெயசீலி தடியை ஊன்றி நின்று திரும்பிப் பார்த்தார்.

"எனக்காக இவ்ளோ மெதுவா வராதீங்க சார். உங்க நடையக் கெடுக்கறேன். நீங்க வேகமா போங்க, நான் பின்னால வரேன்."

சாருக்கு உடம்பு கூசிப்போனது. பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார். ஜெயசீலியின் முகத்தைப் பார்க்க முடியாமல் காலைப் பார்த்தார். வலது செருப்பு நழுவாமல் இருக்கக் கணுக்காலோடு துணியால் கட்டியிருந்தது.

"நான் நடக்கவே இல்ல சிஸ்டர். பேரன் தூளியில போனப் போட்டு ஆட்டினேன்."

ஜெயசீலி தடியை ஊன்றியபடி பெஞ்சருகே வந்தார்.

"நாற்பது நாளுமா?"

முதல் நாள் அறுநூறு நடந்தேனே, என்று கணக்கு வாத்தியார் புத்தி திருத்தப் பார்த்தது. அதை விழுங்கிவிட்டுத் தலையாட்டினார்.

"சாட்சியுமா சார்?"

அதற்கும் தலையாட்டினார். வகுப்பில் தாளைக் கிழித்தபோது எதிரில் தலைகுனிந்து நின்ற பையன்களெல்லாம் நினைவுக்கு வந்தார்கள். ஜெயசீலி திரும்பி, காலை இழுத்து இழுத்து மிச்சச் சுற்றை முடித்துக்கொண்டு, அவர் பக்கம் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்.

அன்று மாலை சார் குழுவில் எழுதினார்: "இன்று 1,140. இதற்கு முன் போட்டதெல்லாம் பொய். சாட்சியும் பொய். மன்னியுங்கள்." நீல டிக் விழுந்தது. முப்பது பேரும் படித்துவிட்டார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை.

மறுநாள் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு ஆறு மணிக்குப் பூங்கா வாசலில் போய் நின்றார். வரமாட்டார் என்றுதான் நினைத்தார். ஜெயசீலி வந்தார். வழக்கமாக வணக்கம் போலச் சொல்லும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை.

"நடங்க" என்றார்.