சடையன் ஓடையின் இரண்டு குழாய்கள்

காசிராஜன் சாரைத் தைரியசாலி என்று எங்கள் ஆபீசில் யாரும் சொன்னதில்லை. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின பத்து நாள் அவருக்குச் சோறு இறங்காது. அத்தனை ஜனம் நடந்து வருகிற ரோட்டில் ஒரு பள்ளம் மூடாமல் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று காலையும் மாலையும் சுற்றிச் சுற்றி வருவார். "சாமி கூட இத்தனை தடவ சுத்தல சார்" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அது ஆபீசில் எல்லோருக்கும் தெரியும்.

நெடுஞ்சாலைத் துறையில் பாலத்துக்கும் ரோட்டுக்கும் படம் வரைகிற வேலை எனக்கு. பெயர் வேல்விழி. பன்னிரண்டு வருஷம் சாருடன் வேலை பார்த்தேன். அவர் குருவிகுளத்துக்குத் தெற்கே ஒரு மானாவாரிக் கிராமத்துக்காரர். பருத்தியும் மக்காச்சோளமும் விளைந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்கிற குடும்பம். நெல்லையில் சிவில் படித்து, பரீட்சை எழுதி, இருபத்தாறு வயதில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்தார். முதல் பதினைந்து வருஷம் தார்ப் புகையிலும் ஜல்லிப் புழுதியிலும் நின்றார். அப்புறம் பதவி உயர்வு வந்தது, நாற்காலி வந்தது. ஆக்கிரமிப்பு நோட்டீஸ், டெண்டர், மனு, கலெக்டர் ஆபீஸ் கூட்டம் என்று முழுநேரமும் காகித வேலையாகிவிட்டது. ரோடு போட்டவர் ரோட்டை நிர்வாகம் பண்ணுகிறவர் ஆனார். பயம் மட்டும் கூடிக்கொண்டே போனது.

போன நவம்பர் முப்பதாம் தேதி அவர் ஓய்வு பெற வேண்டிய நாள். ஓய்வு நெருங்கினால் அரசு ஊழியர்கள் எல்லோருக்கும் ஒரே வேண்டுதல்தான். மெமோ எதுவும் வராமல் வீடு போய்ச் சேர வேண்டும். பதினேழு பி என்றால் எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். அந்தப் பிரிவில் குற்றச்சாட்டு வந்துவிட்டால் விசாரணை முடியும்வரை ஓய்வில்லை. அது எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. முப்பத்துநாலு வருஷம் சாருக்கு ஒரு மெமோ கூடக் கிடையாது. அது ஒன்றுதான் அவருடைய சொத்து.

நவம்பர் பதினெட்டாம் தேதி காலை ஒன்பது மணிக்குச் சாலை ஆய்வாளர் சுடலைமணி போன் பண்ணினார். பனவடலிசத்திரம் பக்கம் ஒரு கிளை ரோட்டில் நின்று பேசினார்.

"சார், சடையன்குளம் நெறைஞ்சிட்டு. மறுகால் பாய இன்னும் அரை அடிதான் இருக்கு."

குளம் நிறைந்து வழிகிற தண்ணீர்தான் மறுகால், அது சடையன் ஓடையில்தான் இறங்கும். சார் போனை வைத்ததும் பழைய ஃபைல் ஒன்றை எடுத்துவரச் சொன்னார். இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தையது. சடையன் ஓடையின் குறுக்கே பாலம் கட்டுவதற்கு அவரே போட்ட கணக்கு. 'மேலே உள்ள குளம் தூர்ந்துவிட்டது, அதிலிருந்து நீர்வரத்து இல்லை' என்று அவர் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. மூன்று கண் பாலம் கட்டவேண்டிய இடத்தில் இரண்டு குழாயைப் புதைத்து மேலே ரோடு போட்டிருந்தார்.

"அப்ப அந்தக் குளத்துக்குள்ள சோளம் வெதைச்சிருந்தாங்கம்மா" என்றார். "எங்க ஊர்ல பொறந்தவனுக்கு நெறைஞ்ச குளம் எப்படி இருக்கும்னே தெரியாது. இது என்னைக்கு நெறையப் போவுதுன்னு நெனச்சிட்டேன்."

எதற்கெடுத்தாலும் பயப்படுகிற மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை பயப்படாமல் இருந்திருக்கிறார். மழை வராது என்பதில் அவ்வளவு நம்பிக்கை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊர்க்காரர்கள் சேர்ந்து குளத்தைத் தூர்வாரி, வரத்துக் கால்வாயையும் வெட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து மேகம் கறுத்தாலே அவருக்கு அந்த இரண்டு குழாய்தான் ஞாபகம். புதுப் பாலம் வேண்டும் என்று மேலே இரண்டு முறை எழுதியும் இருக்கிறார். ஏன் வேண்டும் என்ற காரணத்தை மட்டும் எழுதவில்லை. பதிலும் வரவில்லை.

ரோட்டை மூட வேண்டும். மூடினால் காரணம் எழுத வேண்டும். "கனமழை, முன்னெச்சரிக்கைன்னு எழுதிருங்க சார்" என்றேன்.

"அப்படி எழுதினா மழை விட்டதும் தெறக்கச் சொல்லுவாங்க. மேல உள்ள குளமெல்லாம் நெறைஞ்சு, மழை விட்ட பெறகுதாம்மா மறுகால் பெருசா வரும். பாலம் பத்தாது, கணக்கு தப்புன்னு எழுதுனாத்தான் மூடுனது மூடுனபடி இருக்கும்."

"பன்னெண்டு நாள்தான் சார் இருக்கு. உங்க கையால நீங்களே பதினேழு பி வாங்கிக்கிடப் போறீங்களா?"

அவர் தாளை எடுத்தார். எழுதினார். அடித்துத் திருத்தி இரண்டு தாள் வீணாகி, மூன்றாவது தாளில்தான் முடிந்தது. 'நீர்வரத்தைக் கணக்கில் சேர்க்காதது என்னுடைய தவறு' என்ற வரியைப் படித்தபோது எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது. பள்ளிக்கூட வேனும் மினி பஸ்ஸும் அந்த ரோட்டில்தான் போகின்றன என்பது எனக்கும் தெரியும். தெரிந்தும் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்றுதான் நினைத்தேன்.

மத்தியானமே தடுப்பு வைத்தாயிற்று. வைத்த கையோடு வெயிலும் அடித்தது. மறுநாள் முகூர்த்தம். ஓடைக்கு அக்கரை ஊர்க்காரர் ஆவுடையப்பன் மகளுக்குக் கரிவலம்வந்தநல்லூர் மண்டபத்தில் கல்யாணம். சொந்தக்காரர்களை ஏற்றிப்போக இரண்டு பஸ் பேசியிருந்தார். தடுப்பைப் பார்த்ததும் மனிதர் கொதித்துப்போனார்.

"வெயிலடிக்கிற நாள்ல ரோட்டை மூடுத ஆபீசரை இன்னைக்குத்தான் பாக்கேன். பொண்ணு மாப்பிள்ளய பதினோரு கிலோமீட்டர் சுத்திக் கூட்டிட்டு வரவா? உமக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா சார்?"

சார் கையெடுத்துக் கும்பிட்டார், தடுப்பை மட்டும் எடுக்கவில்லை. ஆவுடையப்பன் யார் யாருக்கோ போன் போட, சாயங்காலத்துக்குள் மேலதிகாரியிடமிருந்து சாருக்குப் போன் வந்தது. ரோட்டைத் திறக்கச் சொன்னார். "எழுத்துல உத்தரவு குடுங்க சார், உடனே தெறந்துருதேன்" என்றார் இவர். எழுத்தில் உத்தரவு வரவில்லை. தன் பெயரை எந்தத் தாளில் போடக்கூடாது என்பது எல்லா அதிகாரிகளுக்கும் தெரியும்.

மறுநாள் விடிந்ததும் நானும் போனேன். சார் எனக்கு முன்னாலேயே தடுப்பருகில் நின்றிருந்தார். ஓடையில் கரண்டைக் கால் அளவு தண்ணீர். போகிறவர் வருகிறவர் எல்லாம் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். கல்யாண பஸ்கள் வந்து, திட்டிவிட்டு, திரும்பிச் சுற்றுப் பாதையில் போயின. ஒன்பது மணிக்கும் அதே தண்ணீர்தான். தண்ணீர் வந்தால் பாலம் போய்விடும், வராவிட்டால் மானம் போய்விடும். சாமியிடம் எதைக் கேட்பதென்று எனக்கே தெரியவில்லை. சார் ஒரு வாய்க் காபிகூடக் குடிக்கவில்லை.

பத்தரை மணிக்குச் சத்தம்தான் முதலில் கேட்டது. வெட்டிப்போட்ட கருவேல முள்ளை எல்லாம் அள்ளிக்கொண்டு செந்தண்ணீர் வந்தது. முள் இரண்டு குழாயையும் அடைத்துக்கொள்ள, தண்ணீர் ரோட்டின் மேல் ஏறியது. கால் மணி நேரத்தில் ரோட்டின் நடுப்பகுதி பொத்தென்று உள்ளே விழுந்தது. ஒரு பஸ் இறங்குகிற அளவுக்குப் பள்ளம்.

தாலி கட்டி முடிந்து, பட்டு வேட்டியோடு பைக்கில் வந்து பார்த்தார் ஆவுடையப்பன். பள்ளத்தை எட்டிப் பார்த்தார். "இந்நேரம் இதுலதான் சார் திரும்பியிருப்போம்" என்று மட்டும் சொன்னார். இனி சாரை யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்று பைத்தியக்காரத்தனமாக நம்பினேன்.

மறுநாள் பேப்பரில் 'பாலம் அடித்துச் செல்லப்பட்டது, தவறை அதிகாரியே ஒப்புக்கொண்டார்' என்று வந்தது. சாகாமல் போனவர்களைப் பற்றி எந்தப் பேப்பர் எழுதும்?

மிச்ச நாட்களில் சார் ஒரே வேலைதான் பார்த்தார். மட்டக் கருவியை எடுத்துக்கொண்டு அவரே ஓடையில் இறங்கி அளந்தார். மூன்று கண் பாலத்துக்கு அவர் கணக்குப் போட்டார், நான் படம் போட்டேன். மெமோ வந்துவிட்டால் அந்தப் பாலத்தைப் பற்றிய எந்தத் தாளிலும் அவர் கையெழுத்துப் போட முடியாது. அடுத்து வருகிறவர் குழாயே போதும் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அரை மணிக்கு ஒருமுறை "மெயில் வந்திருக்காம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

முப்பதாம் தேதி மூன்றேகால் மணிக்கு அந்த மெயில் வந்தது. அனுப்பியது யார், பொருள் என்ன என்று திரையில் தெரிந்தது. சார் எதிரில் உட்கார்ந்து எஸ்டிமேட்டின் கடைசிப் பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெயில் வந்திருக்காம்மா?"

"இல்ல சார்."

நான்கு மணிக்கு எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போட்டார். முத்திரை வைத்து, அனுப்புகைப் பதிவேட்டில் எண் போட்டு, சுடலைமணியிடம் கொடுத்து, அவர் பைக் கிளம்பும்வரை காத்திருந்தேன். "இப்ப வந்திருக்கு சார்" என்றேன். வந்த நேரம் மெயிலிலேயே இருந்தது. சார் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விசாரணை முடியும்வரை ஓய்வு பெற அனுமதி இல்லை என்ற வரி வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, எங்கள் எல்லோர் முன்னாலும் அழுதார்.

மேஜைமேல் நாங்கள் வாங்கி வைத்திருந்த மாலை இருந்தது. அது ஓய்வு பெறுகிறவருக்குப் போடுகிற மாலை. அதை இப்போது போடலாமா கூடாதா என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.