துவக்குக்கு ஒரு பங்கு

எங்கள் தொழிற்சாலைத் தேநீர் அறையில் ஒரு பழைய பிரிட்ஜ் நிற்கிறது. அதன் கதவில் யாராவது எதையாவது ஒட்டிவிட்டுப் போவார்கள். அடுத்தவன் பாலை எடுக்காதே. மைக்ரோவேவில் மீன் சூடாக்காதே. இரண்டாவது என்னை நினைத்து எழுதியது. இந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. மேலே கொம்பு வைத்த மான் படம். கீழே மூன்று பெயர்கள். டேவ், துவக்கு. வெய்ன், வாகனமும் கூடாரமும். ஷிவ், மூட்டையும் கறியும்.

ஷிவ் என்பது நான். முழுப்பெயர் சிவகுமாரன். ஒன்பது வருடமாக மெல்பன் புறநகர் டண்டினோங்கில் இவர்களோடு கதவு செய்கிறேன். மரக்கதவு. ஒன்பது வருடத்தில் இவர்கள் என்னை ஓரிடத்துக்கும் கூப்பிட்டதில்லை. இப்போது மான் வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், துவக்கால் சுடுவதற்கில்லை, மூட்டை தூக்கவும் கறி காய்ச்சவும். ஊரிலிருந்து வாசிப்பவர்கள் இதைப் பெருமை என்று நினைக்கலாம். எனக்கு முதலில் வந்தது கோபம். ஆனால் தாளைக் கிழிக்கவில்லை. கூப்பிடாமலே விட்டிருந்தால் இன்னும் கோபம் வந்திருக்கும்.

மத்தியானம் டேவ் மேசையில் வரைபடத்தை விரித்தார். டேவ் எங்கள் மேற்பார்வையாளர், அறுபதை நெருங்குகிறவர், அதிகம் பேசாதவர். மெல்பனுக்குக் கிழக்கே நான்கு மணி நேரம் ஓடினால் வரும் மலைக்காடு அது. அவருக்கும் அந்தப் பக்கம் புதிது. வழக்கமாகப் போகும் காடு எரிந்துபோய்விட்டதாம். எந்த மிருகம் என்று கேட்டேன். கைபேசியில் படம் காட்டினார். விரலால் படத்தைப் பெரிதாக்கினேன். அது மரை. எங்கள் வன்னிக் காட்டு மரை. அதே கறுத்த கழுத்து, அதே காது. இங்கே இதைச் சாம்பர் என்கிறார்கள்.

"இது எங்கட மிருகம்," என்றேன் ஆங்கிலத்தில்.

"ஓமாம் மேற், சிலோனிலிருந்துதான் கப்பலில் கொண்டுவந்தவங்கள், அந்தக் காலத்தில். இப்ப காடு முழுக்க அதுதான். பீடை," என்றார் டேவ். மேற் என்றால் நண்பன், இங்கே எல்லோரும் எல்லோருக்கும் மேற்.

வெய்ன் சிரித்தான். "உன்ர ஆக்கள்தான் ஷிவ். எல்லா இடமும் வந்திட்டாங்கள்."

வெய்ன் இப்படித்தான் பேசுவான். வரைபடத்தைப் பார்த்தேன். குளம் எங்கே என்று கேட்டேன். வன்னியில் வெயில் காலத்தில் காடு காயும். ஒன்றிரண்டு குளத்தில்தான் தண்ணீர் மிஞ்சும். அதன் கரையில் காற்றுக்கு எதிரே இருந்தால் மரை தானாக வரும். என் திட்டமெல்லாம் அதுதான். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "அங்க எங்க பார்த்தாலும் தண்ணி, மேற். ஒவ்வொரு பள்ளத்திலும் ஓடை," என்றார் டேவ். எனக்கு முகம் சுருங்கிப்போனது. முப்பது வருடம் காட்டோரம் இருந்து கற்றதை ஒரு வசனத்தில் கழுவி ஊற்றிவிட்டார்.

விட மனமில்லை. மரை ஆளைக் கண்டால் என்ன செய்யும் தெரியுமா என்று கேட்டேன். எழும்பி நின்று சப்பாத்துக் காலால் நிலத்தில் இரண்டு தரம் அடித்தேன். பிறகு தொண்டையிலிருந்து அந்தக் குரலைப் போட்டேன், பழைய லொறி ஹோர்ன் மாதிரி, ஒரே வெட்டாக. தேநீர் அறையில் எல்லோரும் திரும்பினார்கள். வெய்ன் வாயிலிருந்த சாண்ட்விச்சை மெல்லாமல் நின்றான். டேவ் மட்டும் மெதுவாகக் கேட்டார்: "இதை எங்க படிச்சனீ?"

அதன்பிறகு பேச்சு மாறியது. மரை தண்ணீர் குடிக்கத்தான் வரும் என்றில்லை, உடம்பில் சேறு பூசவும் வரும் என்றேன். வெயில் விழாத, தண்ணீர் ஓடாமல் தேங்குகிற பள்ளம் வேண்டும். வரைபடத்தில் இரண்டு மலைக்கு நடுவே அப்படி ஒரு இடம் தெரிந்தது. பென்சிலால் வட்டம் போட்டேன். டேவ் எழும்பிப் போய் பிரிட்ஜ் தாளில் 'மூட்டையும் கறியும்' என்பதைக் கோடு போட்டு வெட்டிவிட்டு 'தடம்' என்று எழுதினார். நான் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அன்று பின்னேரம் கதவுகளை அடுக்கும்போது இடுப்பு வலிக்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஊரில் நாங்கள் வேட்டைக்குப் போனால் நாலைந்து பேர் போவோம். துவக்கு ஒன்றுதான், அண்ணருடையது, உள்ளூரில் செய்த கட்டுத்துவக்கு. மரை விழுந்தால் அந்த இடத்திலேயே இலை வெட்டிப் போட்டு இறைச்சியைப் பங்கு வைப்போம். போனவன் எல்லாருக்கும் சமபங்கு. துவக்குக்கு ஒரு பங்கு. தடம் பார்த்துச் சொன்னவன் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தாலும் அவன் வீட்டுக்கு ஒரு பங்கு போகும். இதில் சண்டை வந்து நான் கண்டதில்லை. மற்ற எல்லாவற்றிலும் சண்டை பிடித்தோம், இதில் இல்லை. சாப்பிட்டது போக மிச்சத்தை மஞ்சளும் உப்பும் தடவிக் கொடியில் காயவிட்டு வத்தல் போடுவோம். பிறகு யுத்தம் வந்தது, துவக்கு வேறு வேலைக்குப் போனது, அண்ணரும் போனார். அதைப் பற்றி எழுத இப்போது எனக்குத் தென்பில்லை.

அடுத்த கிழமை இரண்டு பேரிடமும் கேட்டேன், பங்கு எப்படி வைப்போம் என்று. டேவுக்கு விளங்கவில்லை. இங்கே சுட்டவன் முதுகுச் சதையையும் பின்னங்காலையும் கொம்பையும் எடுப்பான், மற்றதைக் காட்டில் விடுவான். பலர் அப்படித்தான் என்றார். வெய்ன் குரலைத் தாழ்த்தி, "இறைச்சியை விக்க ஏலாது மேற், சட்டவிரோதம்," என்றான். நான் விற்கப் போகிறேன் என்று நினைத்துவிட்டான். உடைந்த ஆங்கிலத்தில் இலையையும் சமபங்கையும் துவக்கின் பங்கையும் தடம் சொன்னவனின் பங்கையும் விளக்கினேன். "துவக்கு சாப்பிடுமோ?" என்று வெய்ன் கேட்டான். டேவ் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு எழும்பிப் போனார்.

இனிச் சிக்கலைச் சொல்கிறேன். நான் படகில் வந்தவன். பதின்மூன்று வருடமாகத் தற்காலிக விசா. மகள் தவழும்போது விட்டுவந்தேன். இப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. நிரந்தர விசா கிடைத்தால்தான் அவளையும் மனைவி மாலதியையும் கூப்பிடலாம். மனு குடிவரவுத் திணைக்களத்தில் கிடக்கிறது. எந்த நாளும் கடிதம் வரலாம், வராமலும் விடலாம். ஊருக்குப் போன் எடுத்து மாலதியிடம் மரை விசயத்தைச் சொன்னேன். சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன்.

"உங்களுக்கு விசரே? காட்டுக்கை துவக்கோட நிக்கேக்கை பொலிஸ் வந்தா?"

"துவக்கு டேவின்ர. அவருக்கு லைசென்ஸ் இருக்கு. நான் சும்மா கூடப் போறது."

"சும்மா கூடப் போனவையைத்தானேயப்பா இஞ்சையும் பிடிச்சவங்கள்."

மறுநாள் என் மனுவைப் பார்க்கும் சட்டத்தரணியை அழைத்தேன். நல்ல பெண், காசு வாங்காதவர். தடம் பார்க்கப் போகிறவனுக்கும் அனுமதிப்பத்திரம் தேவைப்படலாம் என்றார். நீங்கள் பிழை செய்வீர்கள் என்று சொல்லவில்லை, உங்கள் கோப்பில் அவர்கள் கேள்வி கேட்கப் புதிதாக ஒன்றையும் வைக்காதீர்கள் என்றார். பதின்மூன்று வருடமாக நான் செய்வது அதுதான். வேகமாக ஓட்டுவதில்லை. சத்தம் போடுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரன் என் குப்பைத் தொட்டியில் தன் குப்பையைப் போட்டால் பேசாமல் இருக்கிறேன். களைத்துவிட்டேன். ஆனாலும் களைப்புக்காக மகளைப் பணயம் வைக்க முடியாது.

போவதற்கு இரண்டு நாள் முன்னர் டேவிடம் முதுகு பிடித்துவிட்டது என்றேன். காலையில்தான் அவர் கண்முன்னே எட்டுக் கதவு தூக்கியிருந்தேன். என்னைப் பார்த்தார். "நோ வொறிஸ்," என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ தெரியாது. பிரிட்ஜ் தாளில் என் பெயரை வெட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். வெட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

திங்கட்கிழமை வண்டித் தரிப்பிடத்தில் டேவ் என்னைக் கூப்பிட்டு, தன் வாகனத்தின் பின்னால் இருந்த எஸ்கி ஐஸ்பெட்டியைத் திறந்தார். ஐஸுக்கு மேலே பிளாஸ்டிக்கில் சுற்றிய இறைச்சி. தொடை, விலா, கழுத்துத் துண்டு, ஈரலில் கொஞ்சம். முதுகுச் சதை மட்டுமில்லை, எல்லாவற்றிலும் கொஞ்சம்.

"நீ வட்டம் போட்ட பள்ளத்தில்தான் நிண்டது. சேறு முழுக்கத் தடம்," என்றார். "நாலு பங்கு. எனக்கு, வெய்னுக்கு, துவக்குக்கு, உனக்கு. சரிதானே?"

சரி என்றேன். வெய்ன் வாகனத்துக்குள் இருந்தபடி, "முழு மரையையும் சுமக்க வைச்சிட்டாய், கழுதை. எனக்கு இப்ப உண்மையா முதுகு நோ," என்று கத்தினான். நான் பொய் சொன்னது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை பாதியைச் சமைத்தேன். மீதியை நீளத் துண்டுகளாக வெட்டி மஞ்சளும் உப்பும் தடவினேன். மெல்பன் குளிர்காலத்தில் எதைக் காயவிடுவது. ஓவனைக் குறைந்த சூட்டில் வைத்துக் கதவை ஒரு கரண்டியால் திறந்து பிடித்தபடி பகல் முழுக்க அதன் முன்னே கதிரை போட்டு இருந்தேன். மேல்வீட்டுக்காரி வந்து என்ன எரிகிறது என்று கேட்டாள். மான் என்றேன். போய்விட்டாள்.

மாலதி வீடியோவில் வந்தாள். கைபேசியை ஓவன் பக்கம் திருப்பினேன். மகளும் எட்டிப் பார்த்தாள். அவள் மரையைக் கண்டதில்லை. முல்லைத்தீவில் இருந்துகொண்டு, அவுஸ்திரேலியாவிலும் மரை இருக்கோ அப்பா என்று கேட்டாள். எங்கடதுதான், கப்பலில் வந்தது என்றேன். எப்ப என்றாள். நூறு வருடத்துக்கு மேலே என்றேன். அப்ப அது அங்கத்தையதுதானே என்றாள். இல்லை, இன்னும் வெளியிலிருந்து வந்தது என்றுதான் சொல்கிறார்கள் என்றேன். அவளுக்குப் பாடம் இருந்தது, போய்விட்டாள்.

"எங்களுக்கு அனுப்ப ஏலாதோ?" என்று மாலதி கேட்டாள். தபாலில் இறைச்சி விடமாட்டார்கள் என்றேன். போத்தலில் போட்டு வைக்கிறேன், வத்தல் பழுதாகாது, நீங்கள் வரும்வரைக்கும் கிடக்கும் என்றேன்.

அவள் ஓவனையே பார்த்தாள்.

"வத்தல் கிடக்கும். நாங்கள்?" என்றாள்.

இப்போது அந்தப் போத்தல் குசினி அலுமாரித் தட்டில் அரிசிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடிதம் இன்னும் வரவில்லை. பிரிட்ஜ் கதவில் அடுத்த பயணத்துக்கான தாளை டேவ் ஒட்டிவிட்டார். ஷிவ், தடம் என்று எழுதியிருக்கிறது. நாளை காலை போய் மறுபடியும் முதுகு நோ என்று சொல்ல வேண்டும்.