நாலாவது கம்ப்யூட்டர் கேட்ட நேரம்

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் என் அண்ணியிடமே கேட்டுக்கொள்ளலாம். இட்டுக்கட்டிச் சொல்கிற ஆள் இல்லை அவர். நூலகத்தில் வேலை. பேய்க்குப் பயப்படுவதைவிட, புத்தகத்தில் பக்கம் கிழிப்பவர்களுக்குத்தான் அதிகம் பயப்படுவார்.

அந்த நூலகத்தில் இன்டர்நெட் இலவசம். நாலு கம்ப்யூட்டர், யார் வேண்டுமானாலும் வந்து அரை மணி நேரம் உட்காரலாம். நேரம் முடிந்தால் திரை நின்றுவிடும். இன்னும் வேண்டுமென்றால் ஒரு பட்டனைத் தட்ட வேண்டும். அது அண்ணியின் மேஜைத் திரையில் வந்து நிற்கும். அவர் 'சரி' கொடுத்தால் நேரம் நீளும்.

அன்று சாயங்காலம் பேய்மழை. எல்லோரும் முன்னாடியே கிளம்பிவிட்டார்கள். அண்ணி ஜன்னல்களைச் சாத்திவிட்டு வந்தபோது திரையில் ஒரு வரி.

நாலாவது கம்ப்யூட்டர். இன்னும் நேரம் வேண்டும்.

அது அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது. யாரோ மழையில் மாட்டிக்கொண்டார்கள் போல என்று 'சரி' கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே வரி.

"மூடணுங்க. சீக்கிரம் முடிங்க."

டக்... டக்... ஒற்றை விரலால் தட்டும் சத்தம் மட்டும்.

எழுந்து போய்ப் பார்த்தார். நாற்காலி காலி. கீபோர்டில் தண்ணீர் தேங்கியிருந்தது. நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். ஒழுகவில்லை.

திரையில் ஊர் மேப். தேடும் கட்டத்தில் 'பழைய பாலம் எங்கே' என்று இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீபோர்டில் ஒரு எழுத்து தானாக அமுங்கியது. அப்புறம் இன்னொன்று...

'அக்கா, வீட்டுக்கு வழி தெரியல.'

அண்ணி சுவிட்சை அணைத்தார். திரை இருண்டது. மேஜைக்கு ஓடிவந்து பையை எடுத்தார்.

மேஜைத் திரையில்... அதே வரி.

விட்டால் போதும் என்றிருந்தது. 'சரி'யைத் தட்டினார்.

டக் டக் டக் டக் டக்...

நின்றது.

நாற்காலி பின்னால் நகர்ந்தது.

சளக்... சளக்... ஈரக்கால்.

வாசல் கதவு திறந்தது. மூடிக்கொண்டது.

எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்று அண்ணிக்கே தெரியாது. அண்ணன் கையில் துணியோடு கூடத்தில் நின்றிருந்தார்.

"இப்பத்தான் வர்றியா? அப்போ முன்னாடி வந்தது?"

"யாரு வந்தா?"

"கதவைத் தட்டுச்சு. தொறந்தா ஆளே இல்ல. ஆனா இதைப் பாரு..."

வாசலிலிருந்து பின்னறை வரைக்கும் ஈரத் தடம். சின்னக் கால்கள். உள்ளே போன தடம்தான். திரும்பி வந்த தடம் இல்லை.

அவர்கள் இருந்தது வாடகை வீடு. விடிந்தும் தடம் காயவில்லை. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் பின்னறைப் பக்கம் காலெடுத்து வைக்கவே இல்லை.

"அது என் பொண்ணோட ரூம். ரிசல்ட் பாக்கணும்னு லைப்ரரிக்குப் போனா. அன்னிக்கு வெள்ளத்துல பாலம் அடிச்சிட்டுப் போச்சு... அவ அது மேலதான் வந்துக்கிட்டு இருந்தா. உடம்புகூடக் கிடைக்கல."

அண்ணி அந்தச் சின்னத் தடங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"அதுக்கப்புறம் ரோட்டையே மாத்திப் போட்டுட்டாங்க. இந்தப் பக்கம் வர அவளுக்கு வழியே தெரியாது." வீட்டுக்காரர் அண்ணி பக்கம் திரும்பினார்.

"யாரும்மா காட்டிக் குடுத்தது?"