மாடு ஏமாறவில்லை

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. பன்னிரண்டு வருடமாக மாட்டைக் கறப்பது நான். பால் சங்கத்தில் உறுப்பினர் என் மாமியார். பால் பணம் அவர் கணக்கில்தான் விழும். போர்வெல் லாரியோடு வடக்கே போன கணவர் அனுப்பும் சம்பளமும் அங்கேதான்; அது வந்ததும் கடன் தவணைக்குப் போய்விடும். ஏடிஎம் கார்டு அத்தையின் சுருக்குப் பையில். ஷாம்பு வாங்கக்கூட நான் காரணம் சொல்லி நிற்க வேண்டும்.

போன தை மாதம் பனமரத்துப்பட்டியில் என் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். செலவுக்குக் கொஞ்சம் பணம் கேட்டேன்.

"உங்கம்மாளுக்குத்தான் பையன் இருக்கறானே, அவம் பாக்கட்டும்" என்றார் அத்தை.

நான் கறந்த பாலின் காசு அது. ஆனாலும் சண்டை போடவில்லை. எங்கள் மாடு என் கையைத் தவிர வேறு கைக்குப் பால் விடாது. மறுநாளே பையைத் தூக்கினேன்.

"அம்மாளப் பாத்துட்டு வாரேனுங்க அத்தை. மாட்டக் கறந்துக்குங்க."

"ஏம்புள்ள, நாங் கறக்காத மாடா? போ, போ."

செலவைத் தம்பி பார்த்துக்கொண்டான். சங்கத்தில் என் பெயர் ஏறாமல் திரும்புவதில்லை என்று நான் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். அத்தை கூப்பிட்டுக் கெஞ்சுவார், பிகு செய்துவிட்டு நிபந்தனை சொல்லலாம் என்று வசனமெல்லாம் தயார். கூப்பிடவே இல்லை. ஐந்தாம் நாள் எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. மாட்டைப் பார்க்கப் போகிறேன் என்று தம்பியிடம் சாக்குச் சொல்லி பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தது சாயங்காலம், கறவை நேரம். கொட்டகையில் என் நைட்டியைப் போட்டுக்கொண்டு அத்தை குந்தியிருந்தார்! நைட்டியைக் கண்டாலே 'கருமம்' என்று முகத்தைத் திருப்புகிற மனுஷி, சேலைக்கு மேலேயே அதை மாட்டியிருந்தார். நாலு நாளாகப் பாலையெல்லாம் கன்றுக்குட்டிதான் குடித்திருக்கிறது. என் வாசனை அடித்தால் மாடு ஏமாந்துவிடும் என்று நினைப்பு. காம்பில் கை வைத்ததும் விட்டது ஓர் உதை. பாத்திரம் ஒரு மூலை, அத்தை ஒரு மூலை.

ஓடிப்போய்த் தூக்கிவிட்டேன். அடி ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பில் கோபமெல்லாம் போய்விட்டது என்று சொன்னால் பொய். பாதி போனது.

"சங்கத்துல எம் பேருக்கு மாத்துங்க. அப்பத்தான் கறப்பேனுங்க."

முட்டியைத் தடவிக்கொண்டே அத்தை என்னைப் பார்த்தார்.

"மாத்திக்க சாமி, நாளைக்கே போலாம்." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: "வெத்தல பாக்குக்குக் காசு வேணும்னா நா உங்கிட்டக் காரணம் சொல்லோணுமா?"

அப்படியானால் இத்தனை வருடமும் தெரிந்துதான் செய்திருக்கிறார். நான் குனிந்து மாட்டின் மடியைக் கழுவினேன். கறந்து முடிக்கிற வரைக்குமாவது பயந்துகொண்டிருக்கட்டும்.